மூன்று பெண்களும் ஒரு திடீர் பிரேக்கும்

டாஷ்போர்டில் உள்ளங்கையால் ஓங்கி ஓர் அறை விட்டு, "நிப்பாட்டுங்கோ!" என்று கத்தினேன்.

கார் நின்றது. ஓட்டுநர் இருக்கையில்தான் ஆளைக் காணவில்லை.

லண்டனில், கிங்ஸ்பரியில், வீடுகள் மட்டுமே உள்ள ஒரு சின்னத் தெரு. மழை அப்போதுதான் விட்டிருந்தது. ஈர இலைகளின் வாசனை கண்ணாடி இடுக்கால் உள்ளே வந்தது. நாயோடு நடந்துகொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரர் நின்று எங்கள் காரைப் பார்த்தார். அவர் கண்ணில் பட்டது, இடப்பக்க இருக்கையில் சேலைக்கு மேலே கம்பளிச் சட்டை போட்ட ஒரு பெண். வலப்பக்கம் ஒருவரும் இல்லை. நான் அவருக்குச் சிரித்துக் கையசைத்தேன். அவர் நாயை இழுத்துக்கொண்டு வேகமாகப் போய்விட்டார்.

ஸ்டியரிங்குக்கு அடியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"முடிஞ்சுதோ?"

"முடிஞ்சுது அக்கா. எழும்பி இருங்கோ."

முதலில் நரை கலந்த சுருட்டை முடி தெரிந்தது, பிறகு மூக்குக்கண்ணாடி, பிறகு ஸல்வா அக்கா முழுதாக மேலே வந்தார். ஐம்பதைத் தொட்ட, நல்ல வாட்டசாட்டமான பெண். அந்தச் சின்ன இடத்துக்குள் எப்படி ஒரு நொடியில் புகுந்தார் என்பது எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

"நான் பிரேக் போட்டனானோ?" என்று ஆவலோடு கேட்டார்.

"இல்லை அக்கா. நான்தான் மாஸ்டருக்கெண்டு என்ர பக்கம் இருக்கிற பிரேக்கைப் போட்டனான்."

"கார் நிண்டதுதானே? அப்ப பாஸ்."

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஸல்வா அக்கா பலஸ்தீனத்தில் பிறந்தவர். நாங்கள் பேசிக்கொண்டது இங்கிலிஷ்; அவருடையது அரபி இங்கிலிஷ், என்னுடையது மானிப்பாய் இங்கிலிஷ். நேரில் 'மிஸிஸ்' போட்டுத்தான் கூப்பிட்டேன். ஆனால் இத்தனை வருஷம் கழித்து நினைக்கும்போது அவர் என் காதுக்குள் சுத்த யாழ்ப்பாணத் தமிழில்தான் கதைக்கிறார். இந்த அத்தியாயத்தில் வரப்போகும் மிரியம் அன்ரியும் அப்படியே. அதை மாற்ற என்னால் ஏலாது. நீங்களும் அப்படியே கேட்டுக்கொள்ளுங்கள்.

சேலை கட்டின மாஸ்டர்

எண்பதுகளின் பின்பகுதி. நாங்கள் வெம்பிளியில் குடியிருந்தோம். இவர், என் புருஷன், பெற்றோல் ஷெட்டில் ஷிப்ட் வேலை. நான் தையல், பேக்கரி, பிள்ளை பார்ப்பது என்று எல்லாம் செய்து பார்த்துவிட்டு, கடைசியில் கார் ஓட்டப் பழக்கும் லைசென்ஸ் எடுத்தேன். "நீயோ? மாஸ்டரோ?" என்று இவர் சிரித்த சிரிப்பில் குடித்துக்கொண்டிருந்த ரீ மூக்கால் வந்தது. ஒரு மாதம் கழித்து என் காரின் கூரையில், கார் பழக்குவதாக அறிவிக்கும் மஞ்சள் பலகையைக் கட்டிக்கொடுத்ததும் இவர்தான்.

புருஷன்மாரிடம் கார் பழகப் போய், பாதி வழியில் சண்டை பிடித்து, பஸ் ஏறி வீடு வந்த பெண்கள்தான் என் மாணவிகள். குஜராத்திப் பெண்கள், நம் ஆட்கள், ஐரிஷ் பெண்கள், எல்லாரும் வந்தார்கள். அழுவதற்கும் வந்தார்கள். என் கார் டாஷ்போர்டுப் பெட்டியில் எப்போதும் டிஷ்யூவும் முறுக்கும் இருக்கும்.

பெற்றோல் வீணாகாமல் இருக்க நான் ஓர் ஒழுங்கு வைத்திருந்தேன். ஒரு மாணவி அடுத்த மாணவியின் வீட்டு வாசல் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போவாள். அங்கே அடுத்தவள் ஸ்டியரிங்கைப் பிடிப்பாள். முதலாமவளைப் பின் சீட்டில் ஏற்றி, அவள் வீட்டில் இறக்கிவிட்டுப் பாடத்தைத் தொடர்வோம். இப்படி என் பின் சீட்டில் கல்யாணம் பேசப்பட்டிருக்கிறது, கோழிக்கறிக்குப் பக்குவம் சொல்லப்பட்டிருக்கிறது, ஒரு முறை பல்லும் விழுந்திருக்கிறது.

டெஸ்டில் ஒரு கட்டம் உண்டு. பரிசோதகர் முன்கூட்டியே சொல்வார்: "நான் டாஷ்போர்டில் தட்டியதும், ஒரு பிள்ளை குறுக்கே ஓடிவந்ததாக நினைத்து உடனே காரை நிறுத்த வேண்டும்." பிறகு கொஞ்ச தூரம் சும்மா போகவிட்டு, எதிர்பாராத நேரத்தில் கையிலுள்ள அட்டையால் 'டமார்' என்று தட்டுவார். நிற்க வேண்டும், சுற்றிலும் பார்க்க வேண்டும், மறுபடி கிளம்ப வேண்டும். அவ்வளவுதான்.

அந்த 'டமார்' என்ற இடத்தில் ஸல்வா அக்கா இரண்டு டெஸ்டில் தோற்றிருந்தார். இரண்டு முறையும் பரிசோதகர் ஹாண்ட்பிரேக்கை இழுத்து உயிர் தப்பியிருந்தார்.

நித்திரை கொள்ளாத மனிசன்

அவருக்கு அந்த லைசென்ஸ் ஒரு பொழுதுபோக்குக்காகத் தேவைப்படவில்லை. அவருடைய கணவர் நபீலுக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துவிட்டது. நகரத்துக்கு வெளியே, வயல்களுக்கு நடுவில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் வைத்திருந்தார்கள். இரண்டு பஸ் மாறி, பிறகு நடக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ்ஸே கிடையாது.

"அங்க அவர் நித்திரை கொள்ளுறேல்லை," என்று ஸல்வா அக்கா சொன்னார். "இரவிரவா கட்டில் விளிம்பில குந்திக்கொண்டு கதவைப் பார்த்தபடி இருக்கிறார். காவல் இருக்கிறாராம். எனக்கும் பக்கத்துக் கட்டில்காரருக்கும் சேர்த்துக் காவல். நான் அங்க இல்லை எண்டு சொன்னாலும் விளங்குதில்லை."

காரும் ஓட்ட ஒருவரும் இருந்தால், வெள்ளிக்கிழமைகளில் வீட்டுக்குக் கொண்டுபோய் ஞாயிறு கொண்டுவந்து விடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கிங்ஸ்பரியில் அவர்கள் வீட்டு வாசலில் நபீலின் பழைய வெள்ளைக் கார் சும்மா நின்றது. அதைக் கழுவுவது மட்டும்தான் ஸல்வா அக்காவுக்குத் தெரியும். வாராவாரம் கழுவினார்.

இந்த மனுஷியை எப்படியாவது பாஸ் பண்ணவைக்க வேண்டும் என்று நல்லூர்க் கந்தனுக்கு நேர்த்தியும் வைத்தேன். கந்தனுக்கு லண்டன் போக்குவரத்துச் சட்டம் தெரியுமா என்று இவர் கேட்டார்.

ஹெண்டனில் ஒரு சூறாவளி

மிரியம் அன்ரி ஹெண்டனில் தனியாக இருந்த யூதப் பெண். அறுபது வயது, மெலிந்த உடம்பு, உதட்டில் எப்போதும் சிவப்புச் சாயம். கணவர் காலமான பிறகு, "அந்தாள் என்னை ஸ்டியரிங்கைத் தொட விட்டதில்லை, இனித் தொடப்போறன்" என்று என்னிடம் வந்து சேர்ந்தவர்.

அவருக்கும் அதே 'டமார்'தான் கண்டம். ஆனால் அன்ரி ஒளியவில்லை. நான் தட்டியதும் ஆக்ஸிலரேட்டரை அப்படியே தரையோடு அமுக்கினார். முதல் தடவை ஹெண்டனின் ஒரு முழுத் தெருவும் என் கண்ணுக்கு முன்னால் கோடாகப் பறந்தது. நான் பிரேக்கில் ஏறி நின்று முருகனையும் மாதாவையும் சேர்த்துக் கூப்பிட்டேன். நான் சைவக்காரி. மாதா எப்படி வந்தா என்று தெரியாது.

"அன்ரி, நிப்பாட்டச் சொன்னா ஏன் ஓடுறீங்கள்?"

"எனக்கென்ன தெரியும்! கால்தான் ஓடினது."

எங்கள் ஆட்களின் வியாதி

இந்த இடத்தில் எங்கள் ஆட்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இரண்டு யாழ்ப்பாணத்தார் உலகின் எந்த மூலையில் சந்தித்தாலும் முதல் கேள்வி "நீங்கள் எந்த ஊர்?" என்பதுதான். ஊர் சொன்னால் எந்தத் தெரு, எந்த ஒழுங்கை என்று கேட்பார்கள். ஒழுங்கை சொன்னால், "சந்தியில மாவிடிக்கிற மில் இருந்ததே, அதுக்கு அங்காலயோ இங்காலயோ?" என்பார்கள். வெம்பிளியில் ஒரு கல்யாண வீட்டில், சோற்றுக்கு வரிசையில் நின்ற இரண்டு கிழவர்கள் இப்படி விசாரித்து, ஒருவருடைய மாமரத்தை மற்றவர் சின்ன வயதில் கல்லால் எறிந்தவர் என்று கண்டுபிடித்துக் கட்டிப் பிடித்து அழுததை நானே பார்த்தேன். சோறு முடிந்துவிட்டது. அவர்களுக்குக் கவலையே இல்லை.

ஒரே ஊராரைச் சேர்த்துவைப்பது எங்களுக்குக் கோயில் கும்பிடுவது போன்ற காரியம். அதைச் செய்யும்போது எங்களுக்கு வேறொன்றும் மூளையில் ஏறாது.

ஸல்வா அக்கா ஹைஃபா என்ற கடற்கரை நகரத்தில் பிறந்தவர் என்று எனக்குத் தெரியும். மிரியம் அன்ரி வியன்னாவில் பிறந்து, பிறகு இளம் வயதில் ஹைஃபாவில் இருந்தவர் என்பதும் தெரியும். அந்த நாட்களில் டிவியில் தினமும் யூதரும் பலஸ்தீனரும் அடிபடும் அந்த நாட்டுச் செய்திதான். கல்லெறி, கண்ணீர்ப் புகை, சவ ஊர்வலம். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் என் மண்டைக்குள் அது ஓர் அறையிலும் ஊர் என்ற சொல் வேறோர் அறையிலும் இருந்தது.

வழக்கமாக இவர்கள் இருவருக்கும் நடுவில் ஒரு குஜராத்திப் பெண்ணின் பாடம் இருக்கும். அன்றைக்கு அவளுக்குக் காய்ச்சல். ஆகவே ஸல்வா அக்கா நேரே ஹெண்டனுக்கு ஓட்டினார். மழை பிடித்துக்கொண்டது. மிரியம் அன்ரி வாசலில் காத்து நின்றவர், நனையாமல் இருக்கப் பின் கதவைத் திறந்து உள்ளே குதித்தார்.

எனக்கு ஒரே புளகாங்கிதம். "அக்கா, இவ மிரியம். ஹைஃபாவில இருந்தவ! அன்ரி, இவ ஸல்வா. ஹைஃபாவில பிறந்தவ! நீங்கள் ரெண்டு பேரும் ஒரே ஊர்!" என்று கையைத் தட்டினேன்.

வைப்பர் மட்டும் இழுத்துக்கொண்டிருந்தது.

வெட்கப்படுகிறார்கள் என்று நினைத்தேன். எங்கள் ஆட்களும் முதலில் அப்படித்தான். கொஞ்சம் தள்ளிவிட்டால் சரியாகும். "எந்தப் பக்கம்? கடல் பக்கமோ, மலைப் பக்கமோ? எந்த றோட்டு?" என்று தள்ளிவிட்டேன்.

ஸல்வா அக்கா திரும்பவில்லை. பின்னால் பார்க்கும் கண்ணாடியில் மிரியம் அன்ரியைப் பார்த்துக் கேட்டார். "எப்ப அங்க போனீங்கள்?"

"நாற்பத்தெட்டுச் சண்டை முடிஞ்ச கையோட. கப்பலில. நானும் அம்மாவும் மட்டும்தான் மிச்சம்."

"நாங்கள் அந்தச் சண்டைக்குள்ள வெளிக்கிட்டனாங்கள். நாங்களும் கப்பல்தான். ஆரின்ர வீட்டில இருந்தனீங்கள்?"

"ஆக்கள் விட்டிட்டுப் போன வீட்டில ரெண்டு அறை தந்தவை. ஆரின்ர வீடெண்டு சொல்லேல்லை. யன்னலில திரைச்சீலை தொங்கிக்கொண்டிருந்தது. அம்மா அதை எறியேல்லை. தோய்ச்சுத் திரும்பப் போட்டவ."

"என்ன நிறம்?"

"பச்சை."

ஸல்வா அக்காவின் தோள் கீழே இறங்கியது. "எங்கட வீட்டில திரையே இல்லை. அம்மாக்குக் கடல் தெரிய வேணும்." பிறகு தோள் மறுபடி ஏறியது. "ஆனா ஆரின்ரயோ வீடு."

"ஓம். ஆரின்ரயோ வீடு."

"அப்ப ஏன் இருந்தனீங்கள்?"

"வேற எங்க போறது? வியன்னாவில எங்கட வீட்டுக்குள்ளயும் ஆரோ இருந்தவை!"

"அதுக்கு நான் என்ன செய்தனான்? எனக்கு அப்ப பத்துப் பதினொரு வயசு!"

"வியன்னாவில எனக்கு மட்டும் என்ன வயசு? என்ர அப்பா எங்க, தம்பி எங்க?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். ஒருத்தி அரபியில், மற்றவள் ஜெர்மனில். என் வாயால் வந்த வினை. எப்படியாவது இதை நிறுத்த வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரே வழியில் நிறுத்தினேன். டாஷ்போர்டில் ஓங்கி அறைந்து, "நிப்பாட்டுங்கோ!" என்றேன்.

ஸல்வா அக்கா ஸ்டியரிங்குக்கு அடியில் போய்விட்டார். பின் கதவு திறந்தது. மிரியம் அன்ரி மழைக்குள் பாய்ந்து தெருவோடு ஓடினார்.

நான் கண்ணாடி வழியே பார்த்தேன். அறுபது வயது மனுஷி ஒற்றைச் சப்பாத்தோடு அப்படி ஓடுவார் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. தபால்பெட்டி வரைக்கும் போனவர் அங்கே நின்றார், திரும்பிப் பார்த்தார், நொண்டிக்கொண்டு வந்தார். வந்த கோபத்தில் கார்க் கதவைப் 'படார்' என்று சாத்தினார்.

அந்தப் 'படார்' கேட்டதும் என் முறை. சுயநினைவு வந்தபோது என் கைப்பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு கட்டிப் பிடித்துக்கொண்டு, கதவுப் பிடியில் விரல் வைத்தபடி இருந்தேன். கொழும்பில், தமிழரைத் தேடித் தேடி அடித்த ஆடிக் கலவரத்தின்போது, வெள்ளவத்தையில் எங்கள் கதவைத் தட்டியபோதும் இப்படித்தான் இருந்தேன்.

ஸல்வா அக்கா தலையை மெல்ல வெளியே நீட்டினார். மழையில் உதட்டுச் சாயம் தாடை வரைக்கும் ஓடிய மிரியம் அன்ரியைப் பார்த்தார். கைப்பையோடு இருந்த என்னைப் பார்த்தார்.

"இவ பழக்கிற மாஸ்டர்," என்று என்னைச் சுட்டிக் காட்டினார்.

மிரியம் அன்ரிக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. பிறகு ஸல்வா அக்காவுக்கு. நான் சிரித்தேனா அழுதேனா என்று தெரியாது. கார்க் கண்ணாடியெல்லாம் மூச்சு படிந்து வெளியே ஒன்றும் தெரியவில்லை. ஒருவர் ஓய்ந்தால் மற்றவர் தொடங்கினார். வயிறு நோகிறது, வயிறு நோகிறது என்று மூன்று பாஷையிலும் சொன்னோம்.

அன்றைக்கு ஹைஃபா விஷயம் ஒன்றும் தீர்ந்துவிடவில்லை. அதைப் பிறகும் கதைத்தார்கள், பிறகும் சண்டை பிடித்தார்கள். ஆனால் இறங்கும்போது மிரியம் அன்ரி கேட்டார். "ஸல்வா, உமக்கு டெஸ்ட் எப்ப?"

ஞாயிற்றுக்கிழமை மேளக் கச்சேரி

அந்த நாட்களில் ஞாயிற்றுக்கிழமை சூப்பர்மார்க்கெட்டுகள் பூட்டு. கார் நிறுத்தும் இடம் மைதானம் மாதிரிக் கிடக்கும். நாங்கள் மூவரும் அங்கே போனோம். ஒருவர் ஓட்டுவது, மற்றவர் பின்னால் இருந்து 'டமார்' போடுவது என்று ஏற்பாடு. என் உள்ளங்கைக்கு ஓய்வு.

முதல் வாரம் மிரியம் அன்ரி சுருட்டின பத்திரிகையால் சீட்டின் முதுகில் அடித்தார். ஸல்வா அக்கா ஒளிந்தார். அடுத்த வாரம் மிரியம் அன்ரி வீட்டிலிருந்து தகரத் தட்டமும் மரக்கரண்டியும் கொண்டுவந்தார். ஸல்வா அக்கா சும்மா விடுவாரா? சோற்றுப் பானை மூடிகளில் ஒரு சோடி கொண்டுவந்தார். நான் என் பங்குக்கு என் புருஷனின் கிறிஸ்மஸ் பார்ட்டி விசிலைக் கொண்டுபோனேன். கோயில் திருவிழாவில்கூட அப்படிச் சத்தம் கேட்டிருக்க மாட்டீர்கள்.

நடுவில் பிளாஸ்க்கைத் திறந்து ரீ குடிப்போம், முறுக்குக் கடிப்போம். அப்படி ஒரு நாள் மிரியம் அன்ரி தானாகச் சொன்னார்.

"யூதரெண்டு எங்கட கதவை உடைச்சவங்கள். அப்பா பின் கதவைத் திறந்து 'ஓடு' எண்டவர். நான் ஓடினன். தம்பி சப்பாத்துத் தேடினவன்."

பிறகு ஸல்வா அக்காவும் சொன்னார்.

"எங்களுக்கு மேல இருந்து குண்டு விழுந்தது. அம்மா எங்கள் எல்லாரையும் படிக்கட்டுக்குக் கீழ தள்ளி, மேல படுத்தவ. பக்கத்து வீட்டுப் பெட்டை ஓடினவள்."

ஓடியவர் ஒருவர், பதுங்கியவர் ஒருவர். இரண்டு பேரும் அதனால்தான் உயிரோடு என் காரில் இருந்தார்கள். பரிசோதகருக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது?

"அப்ப உங்கட கால் பிழையில்லை," என்றேன். "டெஸ்டுக்கு மட்டும்தான் பிழை."

"அப்ப திரும்ப அடி," என்று ஸல்வா அக்கா ஸ்டியரிங்கைப் பிடித்தார்.

ஒரு ஞாயிறு, கச்சேரி உச்சத்தில் இருந்தபோது கண்ணாடியில் யாரோ தட்டினார்கள். இளம் போலீஸ்காரர் ஒருவர் குனிந்து பார்த்தார். அவர் கண்ணுக்குத் தெரிந்தது சேலை, விசில், தட்டம், பானை மூடி.

"எல்லாம் சரிதானே, லேடீஸ்?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார்.

மூன்று கைப்பைகள் ஒரே நேரத்தில் திறந்தன. நான் பாஸ்போர்ட், உள்துறைக் கடிதம், கல்யாணப் பதிவு. ஸல்வா அக்கா குடியுரிமைப் பத்திரம், பிறப்புச் சான்றிதழ், காஸ் பில். மிரியம் அன்ரி நாற்பது வருஷத்துக்கு முந்தின கப்பல் அனுமதியையும் கணவருடைய மரணச் சான்றிதழையும் எடுத்து நீட்டினார். எல்லாவற்றையும் அந்தப் பொடியனின் கையில் அடுக்கினோம். அவர் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, காற்றில் பறக்காமல் தாடையால் அமுக்கிப் பிடித்தார்.

"லைசென்ஸ்கூட நான் கேட்கவில்லையே," என்றார் பரிதாபமாக.

அவர் போன பிறகு நாங்கள் ஒருவரின் கைப்பையை ஒருவர் எட்டிப் பார்த்தோம். "நீங்களும் கடைக்குப் போகேக்க இதெல்லாம் கொண்டோ போறனீங்கள்?" என்று கேட்டேன். "பின்ன?" என்றார்கள் இருவரும் ஒரே குரலில். எனக்கு அவர்களைக் கட்டிப் பிடிக்க வேண்டும் போல் இருந்தது. கட்டிப் பிடித்தேன். கியர்க் கம்பி விலாவில் குத்தியது.

சிரித்த குற்றம்

மிரியம் அன்ரியின் டெஸ்ட் முதலில் வந்தது. 'டமார்' என்றதும் அழகாக நிறுத்தினாராம். நிறுத்திய சந்தோஷத்தில் இரண்டு கையையும் விட்டுப் பரிசோதகரின் கையைப் பிடித்துக் குலுக்க, கார் மெல்ல உருண்டு வேலியில் முட்டியது. ஃபெயில். அவர் அதைக் கேக் வெட்டிக் கொண்டாடினார். அடுத்த வருஷம் பாஸானார்.

ஸல்வா அக்காவின் டெஸ்டுக்கு நாங்கள் இருவரும் போய்க் காத்திருப்பு அறையில் உட்கார்ந்தோம். மிரியம் அன்ரி என் முறுக்கு முழுவதையும் தின்று தீர்த்தார். நான் கந்தனிடம் பேரம் பேசினேன். தேங்காயைக் கூட்டிக்கொண்டே போனேன். இந்த முறையும் தோற்றால் அடுத்த தேதி கிடைக்கக் குளிர்காலம் வந்துவிடும். நபீல் இன்னும் நித்திரை கொள்ளவில்லை என்று இல்லத்திலிருந்து முந்தின நாளும் போன் வந்திருந்தது.

கார் திரும்பி வந்து நின்றது. ஸல்வா அக்கா இறங்கவில்லை. பரிசோதகர் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், அக்கா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். மிரியம் அன்ரி என் முழங்கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது.

பிறகு கதவு திறந்தது. ஸல்வா அக்கா சேலைத் தலைப்பைப் போலத் தன் கழுத்துச் சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு, மெல்ல நடந்து வந்தார்.

"என்ன நடந்தது?"

"அவர் தட்டினார். நான் சிரிச்சுப்போட்டன்."

"சிரிச்சனீரோ!" என்றார் மிரியம் அன்ரி.

"சின்னக் குழந்தை தட்டினமாதிரித் தட்டினார் மிரியம்! உம்மட தட்டத்தைக் கேட்ட காதுக்கு அது காணுமோ? நிப்பாட்டினன், சுத்திப் பார்த்தன், சிரிச்சுக்கொண்டே எடுத்தன். என்ன பகிடி மேடம் எண்டு கேட்டார். ஒண்டுமில்லை சேர், நான் இன்னும் சீட்டிலதான் இருக்கிறன் எண்டன்."

"பிறகு?"

"பாஸ்."

அந்த அறையில் இருந்தவர்கள் இன்றைக்கும் எங்களை மறந்திருக்க மாட்டார்கள். ஒரு வெள்ளைக்காரப் பையனின் மடியில் நான் உட்கார்ந்துவிட்டேன் என்று மிரியம் அன்ரி சாகும் வரைக்கும் சொன்னார். அது பொய். பக்கத்துக் கதிரைதான்.

வெள்ளிக்கிழமை

முதல் வெள்ளிக்கிழமை தனியாகப் போகப் பயம் என்று ஸல்வா அக்கா எங்களையும் கூப்பிட்டார். நபீலின் வெள்ளைக் காரில் நானும் மிரியம் அன்ரியும் பின்னால். அக்கா ஓட்டினார். பளபளவென்று கழுவியிருந்தார்.

இல்லத்து வாசலில் நபீலைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்தார்கள். உயர்ந்த மனிதர், கண்ணுக்குக் கீழே கறுப்பு வளையம். தன்னுடைய கார் என்று தெரிந்ததும் வலப்பக்கம் போகப் பார்த்தார். ஸல்வா அக்கா அவர் தோளைப் பிடித்து இடப்பக்கம் ஏற்றி, பெல்ட்டை மாட்டிவிட்டார். அவர் திரும்பி எங்கள் இருவரையும் பார்த்தார். எண்ணுவது போல் இருந்தது. பிறகு கதவு பூட்டியிருக்கிறதா என்று தன் நல்ல கையால் இழுத்துப் பார்த்தார்.

வயலைத் தாண்டினோம். ஒரு ரவுண்டபவுட் வந்தது. ஸல்வா அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு சுற்றினார். நபீல் ஸ்டியரிங்கில் இருந்த அவருடைய கையையே பார்த்துக்கொண்டு வந்தார். அடுத்த ரவுண்டபவுட்டில் பார்க்கவில்லை. தலை கண்ணாடிப் பக்கம் சாய்ந்துவிட்டது. வாய் சற்றே திறந்து, மெல்லிய குறட்டை வந்தது.

சத்தத்தில் எழும்பிவிடுவார் என்று நான் முறுக்குப் பையைக்கூடத் தொடவில்லை. கிங்ஸ்பரி வந்தது, தெரு வந்தது, வீட்டு வாசல் வந்தது. ஸல்வா அக்கா வேகத்தைக் குறைத்தார். பக்கத்தில் தூங்குபவரைப் பார்த்தார். வாசலைத் தாண்டி மெல்ல ஓட்டினார்.

தெருமுனையில் திரும்பினார், மறுபடி வாசலுக்கு வந்தார், மறுபடியும் தாண்டினார். கண்ணீர் தாடையால் இறங்கியது. துடைக்கவில்லை, இரண்டு கையும் நான் பழக்கின இடத்தில் ஸ்டியரிங்கில் இருந்தன.

மிரியம் அன்ரி சத்தமில்லாமல் முன்னால் எட்டி, அக்காவின் தோளுக்கு மேலால் பெற்றோல் முள்ளைப் பார்த்தார்.

"கனக்க இருக்கு," என்று காதுக்குள் சொன்னார். "சுத்து."